கடையில வேலை பாக்குறவங்க இருக்கீங்களா? உங்க வேலையில ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எத மாத்துவீங்க?

வேளச்சேரிபையன்

நான் வேளச்சேரி பக்கம் ஒரு மொபைல் ஷோரூம்ல இருக்கேன், கடை பேர் வேணாம். பிராண்ட் ப்ரோமோட்டர். அதாவது கடை யூனிஃபார்ம் போட மாட்டேன், பிராண்ட் டீ ஷர்ட்ட மாட்டிட்டு நிப்பேன், ஆனா சம்பளம் போடறது கடையும் இல்ல பிராண்டும் இல்ல, நடுவுல ஒரு ஏஜென்சி. அந்த ஏஜென்சில இருந்து இப்ப ஒரு ஃபார்ம் வந்துருக்கு, உங்க வேலையில நீங்க எத மாத்த விரும்புறீங்கன்னு. பேர் போட வேணாம், மனசு விட்டு எழுதுங்கன்னு மேல கொட்ட எழுத்துல போட்ருக்கு, கீழ மொத கட்டத்துலயே எம்ப்ளாயி ஐடி கேக்குது. செம்ம.

சரி அத விடுங்க. எழுதலாம்னு உக்காந்தா எனக்கே எத எழுதறதுன்னு தெரியல. சம்பளம்னு எழுதுனா எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க, குப்பையில போட்ருவாங்க. எனக்குப் பெரிய பேஜாரு ரெண்டு பாஸ். ஸ்டோர் மேனேஜர் வந்து இன்னிக்கு எத்தன டெம்பர் கிளாஸ் வித்த, எத்தன பேருக்கு எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி தலையில கட்டுனன்னு கேப்பாரு. அந்தப் பக்கம் பிராண்ட் டீம் லீடர் வாட்ஸ்அப் குரூப்ல மணிக்கு ஒரு தடவ நம்ம மாடல் எத்தன போச்சு, ஏன் ஜீரோ, பக்கத்து கவுண்டர்காரன் எப்படி தள்றான்னு உயிர எடுப்பான். கஸ்டமர் ஒருத்தர் நல்லா விசாரிச்சுட்டு வேற பிராண்ட் வாங்குனா கடைக்கு சேல்ஸ், எனக்கு முட்டை. அப்ப நான் அவருக்கு உண்மையா எது நல்ல போன்னு சொல்லணுமா இல்ல என் போன தள்ளணுமா?

நீங்கல்லாம் என்ன எழுதுவீங்க? துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், நகைக்கடை எதுன்னாலும் சொல்லுங்க.

---

பட்டுசெக்சன்அக்கா

தம்பி, நான் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில பட்டு செக்சன். கல்யாணத்துக்கு முன்னாடி சேந்தது, இப்ப என் பொண்ணு காலேஜ் போறா. என்னைக் கேட்டா யோசிக்கவே மாட்டேன், உக்கார விடுங்கன்னு எழுதுவேன். அவ்ளோதான்.

ஸ்டூல் இல்லயான்னு கேப்பீங்க. இருக்கு. 2021ல சட்டம் வந்துச்சுல்ல, கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு, அப்ப வாங்கிப் போட்டாங்க, நீல கலர் பிளாஸ்டிக் ஸ்டூலு, செக்சனுக்கு ரெண்டு. இப்ப அது மேல ஃபால்ஸ் பண்டலும் கட்டப்பை கட்டும் அடுக்கி வெச்சிருக்கு. எடுத்துட்டு உக்காந்தா யாரும் வந்து திட்டவும் மாட்டாங்க, அதான் விஷயமே. கேமராவுல பாத்துட்டு மைக்ல சொல்லுவாங்க, "மூணாவது மாடி பட்டு செக்சன், கஸ்டமர கவனிங்க"ன்னு. அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. கடை மொத்தத்துக்கும் புரியும் யாரோ உக்காந்துட்டாங்கன்னு. அப்புறம் எவ உக்காருவா.

இதுல வேடிக்கை என்னன்னா நான் சேந்த புதுசுல பட்டுல வேலைன்னா உக்காந்துதான். தரையில மெத்தை போட்டு வெள்ள துணி விரிச்சிருக்கும், கஸ்டமரும் உக்காருவாங்க நாங்களும் உக்காருவோம், பொடவைய மடியில எடுத்து வெச்சுத்தான் பிரிச்சுக் காட்டுவோம். அப்புறம் கடைய மாத்தி கண்ணாடி கவுண்டர் போட்டாங்க, கஸ்டமருக்கு குஷன் நாற்காலி வந்துச்சு, எங்க எடத்துல ஒண்ணும் வரல. வியாபாரம் அதே வியாபாரம்தான், அதே பட்டுதான். அதனால நின்னாதான் விக்கும்னு யாராச்சும் சொன்னா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

இப்ப எனக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டு. கே.கே. நகர் ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரில டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க, நடந்துட்டே இருந்தா கெண்டைக்கால் தசை பிழிஞ்சு ரத்தத்த மேல தள்ளும், அசையாம ஒரே எடத்துல நின்னா ரத்தம் கீழயே தேங்கி உள்ள இருக்கற வால்வு தளந்து போயிடும்னு. டைட்டா ஒரு ஸ்டாக்கிங்ஸ் குடுத்தாங்க. காலையில எந்திரிச்ச உடனே, கால் வீங்கறதுக்கு முன்னாடியே போடணுமாம். இந்த வெய்யில்ல அதப் போட்டுட்டு மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்துல நடந்து வந்து பாருங்க தெரியும்.

---

தென்காசிக்காரன்

அக்கா சொல்லுதது நூத்துக்கு நூறு. நானும் தி.நகர்தான், பாத்திர செக்சன். ஊரு தென்காசி பக்கம். எங்க ஊர்லருந்து பஸ் பஸ்ஸா வந்திருக்கோம், சொந்தக்கார அண்ணாச்சி ஒருத்தர் சொல்லி விடுவாரு, பெட்டியத் தூக்கிட்டு வந்துருவோம்.

நான் எழுதுனா ஹாஸ்டல எழுதுவேன். சோறும் ரூமும் கடையே குடுக்கு, வெளிய இருந்து பாத்தா நல்லதுதான, இந்த ஊர்ல வாடகைக்கு எங்க போவ. ஆனா யோசிச்சுப் பாருங்க, கடைய விட்டு நின்னா அன்னைக்கு ராத்திரி படுக்க எடமில்ல. சூப்பர்வைசர்ட்ட ஒரு வார்த்த எதுத்துப் பேசணும்னாலும் மனசுல மொத அதான் வரும், பெட்டிய எங்க கொண்டு வைக்கன்னு. சம்பளம் கொறச்சலா இருந்தாலும் சரி, லீவு தரலன்னாலும் சரி, வாயத் தொறக்க மாட்டோம். வேலை போனாலும் ஒரு மாசம் ரூம்ல இருந்துக்கலாம்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டாங்கன்னு வைங்க, பாதிப் பிரச்சனைய நாங்களே பேசித் தீத்துருவோம்.

வார லீவும் பேருக்குத்தான். ஒருத்தனுக்கு செவ்வா, ஒருத்தனுக்கு பொதன். ஒரே ரூம்ல ஆறு பேரு கெடந்தாலும் ரெண்டு பேருக்கு ஒரே நாள் லீவு வராது. தனியா பீச்சுக்குப் போயி என்ன செய்ய. துணி தொவச்சிட்டு தூங்குவேன்.

---

பில்லுபிரியா

நான் சூப்பர் மார்க்கெட் பில்லிங். குரோம்பேட்டை பக்கம். ரெண்டு சொல்லலாமா? சொல்லுவேன்.

ஒண்ணு மொபைல் நம்பர். பில்லு போடறதுக்கு முன்னாடி நம்பர் சொல்லுங்க மேடம்னு நான் கேக்கறது எனக்கு ஆசையா? எங்களுக்கு அதுக்கு டார்கெட் இருக்குங்க, நூறு பில்லுல எத்தன பில்லு நம்பரோட போச்சுன்னு கவுண்டர் வாரியா தெனம் பாப்பாங்க. 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை சொல்லிருச்சு, பில்லு போட நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. பேப்பர்ல வந்துச்சு, கஸ்டமருங்க அத ஃபோன்ல எடுத்துக் காட்டி என்கிட்ட சண்ட போடறாங்க. கரெக்டுதான் சார் நீங்க சொல்றது, ஆனா ரூல் போட்டவன் ஆபீஸ்ல ஏசில இருக்கான், சண்ட என்கூட. நம்பர் தர மாட்டேன்னு நீங்க சிரிச்சுட்டு சொன்னாலே போதும், நான் ஸ்கிப் பட்டன அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.

ரெண்டாவது ஷார்ட்டேஜ். இதுதான் உண்மையான வயித்தெரிச்சல். நைட்டு கல்லாவ எண்ணும்போது காசு கொறஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க. சரி என் கவுண்டர், நான் எண்ணி வாங்குன காசு, ஒத்துக்கறேன். ஆனா மதியம் நான் சாப்பிடப் போகும்போது என் ஐடிலயே வேற ஒருத்தர் உக்காந்து, உக்காந்து எங்க, நின்னு பில்லு போடுவாங்க. லாக் அவுட் பண்ணி திரும்ப லாகின் பண்ண டைம் இல்ல, க்யூ வாசல் வரைக்கும் நிக்குது பண்ணும்மான்னு சூப்பர்வைசரே சொல்லுவாரு. நைட்டு கொறஞ்சா மட்டும் என் பேரு. யூபிஐ வந்ததுல காசுப் புழக்கம் பாதி கொறஞ்சுது, சில்லறை தொல்லை போச்சு, ஆனா புதுத் தலைவலி, "பே பண்ணிட்டேன் பாருங்க"ன்னு ஸ்கிரீன காட்டிட்டுப் போயிடுவாங்க, பெண்டிங்ல நிக்கும், மறுநாள் பாத்தா வந்திருக்காது. அதுவும் என் தலையிலதான்.

அதனால நான் எழுதுனா "கல்லாவ தொடற ஆளுக்கு ஆள் தனி லாகின், மாறும்போது எண்ணிக் கையெழுத்து"ன்னு எழுதுவேன். காசு செலவே இல்லாத விஷயம்.

---

முன்னாள்மேனேஜர்

எல்லாரும் ஒரு பக்கமாவே பேசறீங்க, அடி விழும்னு தெரிஞ்சே சொல்றேன். நான் ஒரு ரெடிமேட் கடையில ஃப்ளோர் மேனேஜரா இருந்தவன், இப்ப வேற தொழில்.

ஓனர் மண்டையில ஓடற கணக்கு என்ன தெரியுமா. கடைக்குள்ள வர்ற ஆளு ஸ்டாஃப் உக்காந்திருக்கறதப் பாத்தா கடை காத்து வாங்குதுன்னு நெனப்பான், அதுதான் பயம். இது முட்டாள்தனம்னு எனக்கும் தெரியும், ஆனா வாடகை கட்டறவனுக்கு அந்த பயம் இருக்கும். உட்கார்றதுக்கு இருக்கற எதிர்ப்பு காசு இல்ல, கண்ணு.

நான் மாத்துனா டைமிங்க மாத்துவேன். கடை காலையில பத்து மணிக்கு தொறந்து நைட்டு ஒம்போதரைக்கு மூடறோம், பதினொன்னரை மணி நேரம். சட்டப்படி ஒரு ஆளுக்கு எட்டு மணி நேர வேலை, நடுவுல ஒரு மணி ரெஸ்ட். ஒரே செட் ஆளுங்கள வெச்சு இத ஓட்டவே முடியாது, ஆனா ஊரே அப்படித்தான் ஓட்டுது. கூட்டம் எப்ப வருது? சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது. காலையில பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் ரேக் தொடைக்கிறதும் ஹேங்கர் அடுக்கறதும்தான். அப்ப எதுக்கு மொத்த ஆளும் பத்துக்கு வரணும்? நான் பாதிப் பேர பத்து டு ஏழு, பாதிப் பேர பன்னெண்டரை டு ஒம்போதரைன்னு பிரிச்சேன். அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் எல்லாரும் இருப்பாங்க, பீக்க சமாளிச்சுக்கலாம். சேல்ஸ் கொறையல. லேட்டா வர்றவங்க செம ஹாப்பி, சமைச்சு வெச்சுட்டு புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நிதானமா வந்தாங்க. ஏழு மணிக்குக் கெளம்புறவங்களுக்கு அதவிட சந்தோஷம். ஆனா ஆடி சேல் வந்துச்சு, ஓனர் வந்து நின்னாரு, எல்லாரும் ஃபுல் டைம்னு சொன்னாரு, ஆடி முடிஞ்சும் பழைய ஷிஃப்ட் திரும்ப வரவே இல்ல. அப்படித்தான் எல்லா நல்லதும் சீசன்ல சாகும்.

---

பட்டுசெக்சன்அக்கா

மேனேஜர் சார், நீங்க சொன்ன ஷிஃப்ட் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா அந்த "கண்ணு" கதைய நான் ஒத்துக்க மாட்டேன். பட்டு எடுக்க வர்ற குடும்பம் ரெண்டு மூணு மணி நேரம் எங்ககூட இருக்காங்க. முகூர்த்தப் பொடவைக்கு அரக்குல பாத்து, அப்புறம் மயில்கழுத்து, அப்புறம் மாம்பழ மஞ்ச, மாமியார் வேணாங்க, பொண்ணு வேணுங்க, அப்புறம் மறுபடி மொத பொடவைக்கே வருவாங்க. அவங்களே எத்தன தடவ சொல்லிருக்காங்க, "நீங்களும் உக்காந்து காட்டுங்கம்மா"ன்னு. கஸ்டமருக்கு உறுத்தல. ஒரு பட்ட பிரிச்சுட்டா மடிக்கறதுக்கே ஒரு நேரம் புடிக்கும், வந்த மடிப்புலயே மடிக்கணும், ஜரிகைய உள்ள வெச்சு அழுத்தாம. இத நின்னுகிட்டு பண்ணா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகும். உக்காந்து பண்ணா மடிப்பு இன்னும் நல்லா விழும். பொருளுக்கும் நல்லது. இத சொல்ற அளவுக்கு அவங்க பக்கத்துல போய் நிக்க முடியாதுங்கறதுதான் எங்க பிரச்சன.

---

லேபர்லிங்கம்

நான் கடை ஊழியர் இல்ல, ஒரு லேபர் கன்சல்டன்ட் ஆபீஸ்ல ரிட்டர்ன்ஸ் போடற ஆளு. மேல பேசுன சிலதுக்கு சட்டத்துல என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போறேன், ஏன்னா நெறைய பேருக்கு தெரியவே தெரியாது.

உட்கார்ற விஷயம், கேரளாவுலதான் மொதல்ல வந்துச்சு, 2018ல. கோழிக்கோடு மிட்டாய் தெருவுல கடைப் பொண்ணுங்க பாத்ரூம் போக விடணும், உக்கார விடணும்னு வருஷக்கணக்கா போராடுனதோட பலன் அது. நம்ம ஊர்ல 2021ல தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22 ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க. அது ஸ்டூல் வாங்கிப் போட்டா முடிஞ்சுதுன்னு சொல்லல. வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கெடைக்கும்போது உட்கார ஏத்த மாதிரி ஏற்பாடு இருக்கணும்னு சொல்லுது. அக்கா கடையில மைக்ல கூப்பிடறாங்களே, அது அந்தப் பிரிவோட நோக்கத்துக்கே எதிரானது.

நேரம்: மூல சட்டம் 1947ல வந்தது. நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேத்தாலும் நாளைக்கு பத்து, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு சம்பளம். நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை பாத்தா ஒரு மணி நேரம் ரெஸ்ட். இதுல ஒரு ஓட்டை இருக்கு, மேனேஜ்மென்ட் பொறுப்புல இருக்கறவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனாலதான் சில எடத்துல சேந்த வருஷமே எல்லாருக்கும் "அசிஸ்டென்ட் மேனேஜர்"னு கார்டு அடிச்சுக் குடுக்கறாங்க. கார்டுல என்ன போட்ருக்குங்கறது முக்கியம் இல்ல, ஆள சேக்கற, லீவு குடுக்கற அதிகாரம் உங்களுக்கு இருக்கான்னுதான் பாக்கணும்.

பிரியா மேடம் ஷார்ட்டேஜுக்கு: உங்க கவனக்கொறைவால காசு போச்சுன்னு காட்டணும், அதுக்கு முன்னாடி உங்க தரப்ப சொல்ல வாய்ப்பு குடுக்கணும், அப்பதான் பிடிக்கலாம். சும்மா மாசக் கடைசில ஒரு தொகைய கழிக்கறது தப்பு. ஐடிய வேற ஆளு யூஸ் பண்ணாங்கன்னா அன்னைக்கே சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டி விடுங்க, "1.30 டு 2.15 என் கவுண்டர்ல இன்னார் இருந்தாங்க"ன்னு. சண்டையா போட வேணாம், தகவல் மாதிரி.

வேளச்சேரி தம்பி, உங்களுக்கு ஒண்ணு. ஏஜென்சி ஈஎஸ்ஐ கட்டுதான்னு மொதல்ல பாருங்க. 21,000 வரைக்கும் சம்பளம்னா கட்டியாகணும். உங்ககிட்ட இருந்து 0.75 சதவீதம், அவங்க பங்கு 3.25. ஏஜென்சி கட்டலன்னா முதன்மை முதலாளி, அதாவது ஏஜென்சி மூலமா உங்கள வேலைக்கு வெச்சிருக்கறவங்க, கட்டணும், அப்புறமா ஏஜென்சிகிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னுதான் சட்டம் சொல்லுது. உடம்பு சரியில்லாம லீவு போட்டா கிட்டத்தட்ட 70 சதவீத சம்பளம் ஈஎஸ்ஐல இருந்து வரும், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். கடைக்காரங்க பாதிப் பேரு இதக் கேள்விப்பட்டதே இல்ல.

---

தங்கத்தட்டு

நகைக்கடை சார்பா ஒருத்தன் வேணும்ல. பாண்டி பஜார் ஏரியா.

தங்கம் வெல ஏறுனா ஊர்ல எல்லாரும் எங்களத்தான் மொறைக்கறாங்க. "போன வாரம் இவ்ளோதான இருந்துச்சு"ன்னு என்னப் பாத்து கேட்டா நான் என்ன பண்ணுவேன் சார், ரேட் போர்டுல மாத்தறதே காலையில ஃபோன் வந்தப்புறம்தான். சேதாரம் ஏன் இவ்ளோ, செய்கூலி ஏன் தனின்னு அரை மணி நேரம் வெளக்கிட்டு, ஹால்மார்க் ஆறு எழுத்து நம்பர லென்ஸ்ல காட்டிட்டு, கடைசில வீட்ல கேட்டுட்டு வர்றோம்பாங்க. பரவால்ல அது தொழில்.

நான் மாத்தணும்னா குளோசிங் டேலிய மாத்துவேன். ஷட்டர் ஒம்போதுக்கு எறக்கிருவாங்க, ரோட்ல போறவங்களுக்கு கடை மூடியாச்சு. உள்ள அப்பதான் ஒவ்வொரு தட்டா எடுத்து எண்ணிக்கை, எடை ரெண்டும் பாப்போம். தட்டுல இத்தன ஜோடி தோடு, டேகோட சேத்து இத்தன கிராம்னு புக்ல இருக்கும், மிஷின்ல வெச்சா ஒத்துப் போகணும். ஒரு மூக்குத்தி கொறஞ்சுது, முடிஞ்சுது கதை. கார்ப்பெட்ட தூக்கி, பெருக்குன குப்பைய பேப்பர்ல கொட்டி வெரலால தொழாவி, சோஃபா இடுக்குல கைய விட்டு, அது கெடைக்கற வரைக்கும் வேற செக்சன் ஆளு கூட வெளிய போக முடியாது. பெரும்பாலும் அது பக்கத்து தட்டுல இருக்கும். அப்புறம் வாசல்ல செக்கிங். இந்த நேரம் மொத்தமும் சம்பளக் கணக்குல கெடையாது, வேலை முடிஞ்சு போற பன்ச்ச ஒம்போதுக்கே அடிக்க வெச்சுருவாங்க. ஊரப்பாக்கத்துல வீடு எனக்கு, ட்ரெயின விட்டா அடுத்ததுக்கு மாம்பலம் ஸ்டேஷன்ல கொசுக்கடி.

டேலி வேணாம்னு சொல்லல, அது எனக்கும் பாதுகாப்பு. மதியம் கூட்டம் இல்லாதப்ப ஒரு டேலி எடுத்தா ராத்திரி பாதி வேலை கொறையும். டேலி முடிஞ்சப்புறம் பன்ச் அடிக்க விட்டா முதலாளிக்கே அது சீக்கிரம் முடியணும்னு அக்கறை தன்னால வந்துரும்.

---

பில்லுபிரியா

தங்கத்தட்டு அண்ணா, அந்தக் கடைசி வரிக்கு ஒரு சல்யூட். எங்க டைம் அவங்களுக்கு ஃப்ரீயா கெடைக்கற வரைக்கும் அவங்க ஏன் அத மிச்சம் பண்ணப் போறாங்க.

லேட் ஆனா எனக்கு இன்னொரு கஷ்டம். மகளிர் ஃப்ரீ பஸ் வந்ததுல மாசம் நல்ல காசு மிச்சம், உண்மைய சொல்லணும். ஆனா ஒம்போதரைக்கு மேல அந்த சாதா பஸ் எப்ப வரும்னே தெரியாது. வெயிட் பண்ணி பண்ணி கடைசில ஷேர் ஆட்டோல ஏறுவேன், மிச்சம் புடிச்சதெல்லாம் அதுல போயிரும்.

---

சும்மாஒருகஸ்டமர்

நான் வாங்க வர்ற ஆளு. இதெல்லாம் படிச்சா ஒரு மாதிரி இருக்கு. எங்க பக்கம் இருந்து என்ன மாத்தணும்?

---

பட்டுசெக்சன்அக்கா

கேட்டீங்களே அதுவே பெருசு. கடை மூடற நேரத்துல வந்து "சும்மா பாக்கத்தான்"னு பத்து பொடவைய பிரிக்க சொல்லாதீங்க. ஏய், ஹலோன்னு வெரல சொடுக்கிக் கூப்புடாதீங்க. மத்தபடி எத்தன பொடவை வேணா கேளுங்க, காட்டறது என் வேலை, எனக்கு அது புடிக்கும். வாங்காம போனாலும் எனக்குக் கோவம் வராது. பின்னாடியே வர்றாங்களே, தொந்தரவா இருக்கேன்னு எங்கள மொறைக்கறீங்கல்ல, பின்னாடி வரலன்னா எங்களுக்கு டோஸ் விழும். "நானே பாத்துக்கறேன் வேணும்னா கூப்பிடறேன்மா"ன்னு கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி. அது எங்களுக்கு பெரிய உதவி.

---

தென்காசிக்காரன்

அப்படியே நாற்காலிய ஒண்ணு இழுத்துப் போட்டு நீயும் உக்காரு தம்பின்னு சொல்லுங்க கஸ்டமர் சார் 😄 கஸ்டமர் சொல்லித்தான் உக்காந்தேன்னு நானும் சொல்லிருவேன்.

---

வேளச்சேரிபையன்

எல்லாத்தையும் படிச்சேன். என்ன தோணுதுன்னா ஸ்டூல், ஷிஃப்ட், லாகின், டேலி எதுவுமே அவங்களுக்கு பெரிய செலவு இல்ல. மாத்த முடியாததுன்னு இல்ல, மாத்தலன்னா அவங்களுக்கு எந்த நஷ்டமும் வராது, அதான் மாத்தல.

லிங்கம் அண்ணா ஒரு டவுட். எங்களுக்கு ஜனவரி 26, ஆகஸ்ட் 15 எல்லாம் லீவே கெடையாது, அன்னிக்குத்தான் பெரிய ஆஃபர் போடுவாங்க, வீக் ஆஃபையும் கேன்சல் பண்ணிருவாங்க. அதுக்கு ஏதாவது இருக்கா?

---

லேபர்லிங்கம்

இருக்கு தம்பி. 1958ல இதுக்குன்னே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்ருக்காங்க. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலு நாளும் சம்பளத்தோட லீவு, அது போக அஞ்சு பண்டிகை நாள். அன்னைக்கு வேலை வாங்குனா ரெண்டு மடங்கு சம்பளம் குடுக்கணும், இல்லன்னா அன்னைய சம்பளத்தக் குடுத்து, கூடவே வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் தரணும். கடை தொறக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. 24 மணி நேரமும் கடைய தொறந்து வெக்கவே 2019ல இருந்து அரசாணை இருக்கு, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற கடைங்களுக்கு. ஆனா அந்த ஆணையிலயே போட்ருக்கு, ஒவ்வொருத்தருக்கும் சுழற்சியில வாரம் ஒரு நாள் லீவு குடுக்கணும், பொண்ணுங்கள ராத்திரி எட்டு மணிக்கு மேல எழுத்து மூலமா சம்மதம் வாங்காம நிறுத்தக் கூடாதுன்னு. கடை தொறக்கற பாதிய மட்டும் எல்லாரும் படிச்சிருக்காங்க.

ஃபார்ம்ல நீ வேற எதையும் எழுதாத, "ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வேலைக்கு டபுள் சம்பளமா மாத்து லீவா, எதுன்னு தெரியப்படுத்தவும்"னு ஒரே வரி போடு. குறை சொன்ன மாதிரி இருக்காது, விவரம் கேட்ட மாதிரி இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோ. பதில் வரலன்னா ஏரியா தொழிலாளர் உதவி ஆய்வாளர்கிட்ட புகார் குடுக்கலாம், யாருன்னு தெரியலன்னா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல தொழிலாளர் ஆணையர் ஆபீஸ் இருக்கு, அங்க கேட்டா சொல்லுவாங்க.

---

முன்னாள்மேனேஜர்

லிங்கம் சார் சொன்ன மாதிரி எழுதறது நல்லது. மேனேஜரா இருந்தவன்ற முறையில சொல்றேன், "ரொம்பக் கஷ்டமா இருக்கு"ன்னு வந்த ஃபார்ம யாரும் படிக்க மாட்டாங்க. தேதியும் சட்டமும் போட்டு வந்தா அத மேல அனுப்பாம வெச்சுக்க மேனேஜருக்கே பயம்.

அக்கா, உங்க கடைய பத்தி ஒண்ணு. மூணாவது மாடில ஒருத்தர் உக்காந்தா மைக்ல வரும். செக்சன்ல இருக்கற எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தா மைக்ல எத்தன பேர கூப்பிடுவாங்க?

---

பட்டுசெக்சன்அக்கா

யோசிக்க வெச்சுட்டீங்க. ஆனா புதுசா சேந்த பொண்ணுங்க பாவம் பயப்படுங்க, அதுங்கள மாட்டி விடக் கூடாது. மதியம் மூணு மணிக்கு எங்க ஃப்ளோர்ல ஆளே இருக்காது, மொதல்ல பழைய ஆளுங்க நாலு பேரு உக்காந்து மடிப்பு வேலைய பாக்கறோம். கையில பொடவை இருக்கும்ல, சும்மா இருக்கோம்னு சொல்ல முடியாது. ஸ்டூல் மேல இருக்கற பண்டல நாளைக்கு நானே எறக்கிடறேன்.

---

தென்காசிக்காரன்

லிங்கம் அண்ணே, எனக்கு ஒரு விசயம். எங்களுக்கு சம்பளத்துல ஈஎஸ்ஐ பிடிக்காங்க, கார்டும் இருக்கு, நான் ஒரு தடவகூட போனதில்ல. ஊர்ல அம்மாவுக்கு முட்டு வலி, அங்க பாக்க முடியுமா?

---

லேபர்லிங்கம்

அம்மா உங்க வருமானத்த நம்பித்தான் இருக்காங்கன்னா குடும்பத்துல சேக்கலாம். அவங்க ஊர்ல இருக்கறதால குடும்பத்துக்கு தனியா அந்தப் பக்கத்து டிஸ்பென்சரிய போடச் சொல்லலாம். அம்மாவோட ஆதாரும் போட்டோவும் வாங்கி உங்க எச்ஆர்கிட்ட குடுங்க, அவங்க ஆன்லைன்ல சேத்துடுவாங்க.

---

தென்காசிக்காரன்

எச்ஆர்னா யாருன்னே தெரியாதே அண்ணே. கேஷ்ல ஒரு அண்ணாச்சி இருக்காரு, சம்பளக் கவர் அவருதான் குடுப்பாரு, அவர்ட்டயே கேக்கேன். அம்மாட்ட ஆதார வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிட்டேன், பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து எடுத்து அனுப்புதேன்னு சொல்லிருக்கா.